612-ம் சரி, 74-ம் சரி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். குடவாசல் பக்கம் எங்கள் கிராமம். விவசாயம். என் மனைவிக்கு 54 வயது. சென்ற ஐப்பசியில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நிலை என்றார்கள். அப்புறம் கீமோ கொடுத்து, சித்திரையில் முடிந்தது. ஆளும் தேறி வந்தாள். ஆடி மாதம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் 'கேன்சர் புரொஃபைல்' என்று ஒரு பரிசோதனைக்கு ஆன்லைனில் பணம் கட்டினான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். நான்கு பக்க ரிப்போர்ட்டில் வி.இ.ஜி.எஃப். 612 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. இது கூடினால் புற்று பரவுகிறது என்று அர்த்தம் என மகன் படித்துச் சொன்னான். பதினைந்து நாள் கழித்துக் கும்பகோணத்தில் வேறொரு லேபில் எடுத்தோம். 74, நார்மல் என்று வந்தது. எதை நம்புவது? ஆபரேஷன் செய்த டாக்டரோ, "இதையெல்லாம் யார் எடுக்கச் சொன்னது?" என்று பேப்பரைத் தள்ளிவிட்டார். மகன் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறான். வி.இ.ஜி.எஃப்.-ஐ அடக்க அவாஸ்டின் என்று ஓர் ஊசி இருக்கிறதாம், அதையும் கேட்கச் சொல்கிறான். இருக்கிற நிலத்தில் மூன்று மாவை ஒத்திக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். சம்பா நடவுக்கு அவளைக் கூட்டிப் போகலாமா என்றும் சொல்லுங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஐயா, நிலத்தை ஒத்திக்கு வைக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, நீங்கள் அனுப்பிய படங்களில் என்னை நிறுத்திய எண் 612 இல்லை. முதல் பக்கத்தில், அம்புக்குறி இருந்தும் யாரும் பார்க்காமல் விட்ட ஹீமோகுளோபின் 8.9. அதற்காக இந்த வாரமே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் கேட்டது வி.இ.ஜி.எஃப். பற்றி, அதாவது புதிய ரத்தக்குழாயை முளைக்க வைக்கும் பொருளைப் பற்றி, அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்பலாம். இரண்டு லேபும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பரிசோதனையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'சீரம்' என்று இருக்கும். கும்பகோணம் ரிப்போர்ட்டில் அதே இடத்தில் 'இ.டி.டி.ஏ. பிளாஸ்மா' என்று இருக்கிறது. வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வரியில்தான்.

ரத்தம் எடுக்க வருகிறவர் கையில் பல நிற மூடி போட்ட டியூப்கள் இருக்குமே, கவனித்திருப்பீர்கள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி டியூபில் ரத்தத்தை உறைய விடுவோம். அரைமணி நேரத்தில் அது கட்டிதட்டி, மேலே வைக்கோல் நிறத்தில் நீர் பிரியும். அதுதான் சீரம். ஊதா மூடி டியூபில் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும். அதைச் சுழற்றி அணுக்களை அடியில் தள்ளிவிட்டால் மேலே நிற்பது பிளாஸ்மா. சர்க்கரை, கொழுப்பு போன்ற சில சாதாரணப் பரிசோதனைகளுக்கு எதில் எடுத்தாலும் பெரிய மாற்றம் வராது. வி.இ.ஜி.எஃப்.-க்கு அப்படி இல்லை. உடம்பில் இந்தப் பொருளைச் சுமந்து திரிகிறவர்களில் முக்கியமானவை தட்டணுக்கள். டெங்கு சமயத்தில் 'பிளேட்லெட் இறங்கிடுச்சு' என்று ஊரே பதறுமே, அவைதான். காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைப்பது அவற்றின் முதல் வேலை. கூடவே, அந்த இடத்தில் புதிய ரத்தக்குழாய் முளைக்கத் தேவையான சரக்கையும் பொட்டலம் கட்டி வைத்திருக்கும். உறையும்போது பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டிவிடும். டியூபுக்குள் உறைந்தாலும் அப்படித்தான் செய்யும், காயத்துக்கும் கண்ணாடிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே சீரத்தில் அளந்தால், பிளாஸ்மாவில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாகவே வரும். அம்மாவின் தட்டணு எண்ணிக்கையோ 5 லட்சத்து 40 ஆயிரம். நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டியது. தட்டணு கூட இருந்தால் கொட்டுகிற சரக்கும் கூடத்தான் இருக்கும். 612-இல் பெரும்பங்கு அம்மாவின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது இல்லை, எடுத்த பிறகு டியூபுக்குள் வந்து சேர்ந்தது.

இது எனக்குப் புத்தகம் படித்து மட்டும் வந்த ஞானம் இல்லை. மேற்படிப்புப் படித்தபோது என் ஆய்வுக்கட்டுரையே இந்த வி.இ.ஜி.எஃப்.-தான். 96 குழி வைத்த ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய சீரம். கடைசியில் ஒரு திரவம் விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வி.இ.ஜி.எஃப். நோயில்லாதவர் சாம்பிளும் வேண்டுமே என்று என் ரத்தத்தையே இரண்டு டியூபில் எடுத்து வைத்தேன். ஒன்றைச் சுழற்றி முடித்ததுமே கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மற்ற டியூப் மூன்று மணி நேரம் மேஜை மேலேயே கிடந்தது. மறுநாள் தட்டைப் பார்த்தால், என் இரண்டு குழிகளில் ஒன்று இளமஞ்சள், இன்னொன்று சாமந்திப்பூ மாதிரி. நிறம் காட்டிய அளவு இரண்டு மடங்குக்கு மேல். ஒரே ஆள், ஒரே கை, ஒரே ஊசி. 27 வயது, உடம்பில் ஒரு கட்டியும் இல்லை. என் வழிகாட்டி சிரித்துவிட்டு, அதுவரை எடுத்த நாற்பது சாம்பிளையும் எத்தனை நிமிடம் வெளியே வைத்திருந்தாய் என்று எழுதித் தரச் சொன்னார். நான் எதையும் எழுதி வைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் எடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு லேப் போய்ச் சேர்ந்தது, வழியில் எந்த ஆடி வெயிலில் இருந்தது என்பது ரிப்போர்ட்டில் இல்லை. இருந்திருந்தால் நல்லது.

சரி, புற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. மகன் படித்தது பொய் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர், முயலின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, குழாய் வழியாக ஊட்டம் கொடுத்து உயிரோடு வைத்து, அதில் புற்று அணுக்களை விட்டுப் பார்த்தார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டன. அந்தத் துளியையே உயிருள்ள விலங்குக்குள் வைத்தபோது பெருத்தன. வித்தியாசம், புதிதாக முளைத்த ரத்தக்குழாய். கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாயைத் தானே வரவழைத்துக்கொள்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-இல் எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. 1983-இல் டுவோராக் குழுவினர், கட்டிகள் சுரக்கும் ஒரு பொருள் ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கிறது என்று கண்டார்கள். 1989-இல் நெப்போலியோனே ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்த வளர்ச்சிக் காரணியும் அதுவும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. அந்தப் பொருள்தான் வி.இ.ஜி.எஃப்., ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களை வளர வைக்கும் காரணி.

உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால், முறைப்படி மதகு திறந்து வரும் தண்ணீர் போதாமல், ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை வெட்டித் தன் வயலுக்குக் கள்ள வாய்க்கால் இழுத்துக்கொள்ளும் ஆள் மாதிரி. மூச்சுக்காற்று போதவில்லை என்று அணுவுக்குத் தெரிந்ததும் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பும். அந்த ஆள்தான் வி.இ.ஜி.எஃப். அணு அதை எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த ஆளை அனுப்பும் உரிமை புற்று அணுவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது இல்லை. ஆபரேஷன் காயம் ஆறும்போது உடம்பே அனுப்பும். முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டு அனுப்பும். காய்ச்சலில், கர்ப்பத்தில், ரத்தசோகையில் எல்லாம் கூடும். வேலை நடப்பதோ கட்டிக்குப் பக்கத்தில், சில மில்லிமீட்டர் தூரத்தில். அதில் கொஞ்சம் சிந்திச் சிதறி ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலக்கிறது. அரசலாற்றில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு பார்த்து, மேலே எந்த ஊரில் எவன் கரையை வெட்டினான் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படியானால் ஆராய்ச்சியில் எப்படிப் புற்றோடு தொடர்பு வந்தது? இங்கேதான் படித்த பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பெருங்குடல் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து அளந்தால், முற்றிய நிலையில் இருப்பவர்களின் சராசரி, ஆரம்ப நிலையில் இருப்பவர்களின் சராசரியைவிடக் கூடுதலாக வருகிறது. பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. நம் பக்கத்தில் தலைமடை வயல்களின் சராசரி விளைச்சல் கடைமடையைவிடக் கூடுதல் என்பது யாருக்கும் தெரியும். அதற்காகக் களத்தில் கிடக்கும் ஒரு மூட்டையைக் காட்டி, இது தலைமடை நெல்லா கடைமடை நெல்லா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களா? நல்ல உரம் போட்ட கடைமடையும் உண்டு, பூச்சி விழுந்த தலைமடையும் உண்டு. வி.இ.ஜி.எஃப்.-இலும் நோய் உள்ளவர், இல்லாதவர் எண்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இதைத் தாண்டினால் நோய், தாண்டாவிட்டால் நலம் என்று கோடு கிழிக்க முடியவில்லை. அதனால்தான், இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும், பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை முடித்தவரைக் கண்காணிக்கும் எந்த முக்கிய வழிகாட்டு நெறியிலும் வி.இ.ஜி.எஃப். இடம்பெறவில்லை.

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஐ.ஜி.எஃப்.-1, டி.ஜி.எஃப். பீட்டா என்றும் இரண்டு எண்கள் இருக்கின்றன. இவையும் வளர்ச்சிக் காரணிகள்தான். ஐ.ஜி.எஃப்.-1 குறைவு என்று போட்டிருக்கிறது. அது பெரும்பாலும் ஈரல் சுரப்பது. சரியாகச் சாப்பிடாவிட்டாலே குறையும், கீமோ முடித்து வாய் கசந்து கிடந்தவருக்குக் குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டி.ஜி.எஃப். பீட்டாவும் தட்டணுப் பொட்டலத்துச் சரக்குதான். அதோடு அது இரட்டை நாக்குக்காரன்; நோயின் தொடக்கத்தில் அணு பெருகுவதை அடக்கும், முற்றிய பிறகு பரவுவதற்குத் துணை போகும். எந்த முகத்தைக் காட்டுகிறது என்று ரத்தத்தில் இருக்கும் எண் சொல்லாது. இந்த இரண்டையும் மறந்துவிடுங்கள்.

வளர்ச்சிக் காரணியை ரத்தத்தில் அளப்பதே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் தெரிந்து அளந்தால் அருமையான பரிசோதனை. கை கால் தாடை பெருக்கும் அக்ரோமெகலி நோய்க்கு ஐ.ஜி.எஃப்.-1 இல்லாமல் முடியாது. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் ஆபத்து, அதாவது முன்சூல்வலிப்பு, அடுத்த ஒரு வாரத்துக்குள் வராது என்று சொல்ல, வி.இ.ஜி.எஃப். குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியையும் அதைப் பிடித்து வைக்கும் இன்னொரு புரதத்தையும் அளந்து விகிதம் பார்க்கிறோம். விகிதம் 38-க்குள் இருந்தால் நிம்மதி. 'போயம்ஸ்' என்ற அரிய ரத்தநோயைச் சந்தேகிக்கும்போது வி.இ.ஜி.எஃப்.-ஐயே கேட்டு வாங்குவோம். இங்கெல்லாம் எண் வந்ததும் அடுத்து என்ன செய்வது என்பது தெளிவு. அம்மா விஷயத்தில் 612 வந்து என்ன செய்ய முடிந்தது? நீங்கள் பத்து நாள் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

மகன் சொன்ன ஊசிக்கு வருகிறேன். பெவாசிசுமாப் என்பது மருந்தின் பெயர், அவாஸ்டின் கம்பெனி வைத்த பெயர். வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள். 2004-இல் அமெரிக்காவில், வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பெருங்குடல் புற்றுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. ஃபோக்மன் சொன்னது முப்பத்து மூன்று வருடம் கழித்துப் பலித்தது. பரவிய நிலையில் அது உபயோகமான மருந்துதான். ஆனால் அம்மாவைப்போல் கட்டியை எடுத்துவிட்ட மூன்றாம் நிலைக்காரர்களுக்கும் கொடுத்தால் நோய் திரும்பாது என்று ஆசைப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்களை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் செய்தார்கள். 2011-இலும் 2012-இலும் முடிவுகள் வந்தன. பலன் இல்லை. இரண்டாவது ஆய்வில், கொடுத்தவர்கள் நிலைமை சற்று மோசமாகக்கூட இருந்திருக்கலாம் என்ற அறிகுறி. தவிர, இந்த மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், ரத்தக்கசிவை உண்டாக்கும். எங்கிருந்து ரத்தம் குறைகிறது என்றே தெரியாத 8.9 ஹீமோகுளோபின்காரருக்கு இதைப் பற்றிப் பேசவே கூடாது.

மகனுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள், அவருக்குச் சுவாரசியமாக இருக்கும். ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப். கூட இருப்பவர்களுக்கு இந்த மருந்து கூடுதலாகக் கேட்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பரவிய மார்பகப் புற்றில் அதை முறையாகச் சோதித்தார்கள். அளவு கூடியவர், குறைந்தவர் என்று பிரித்துப் பார்த்ததில் யாருக்கு மருந்து கேட்கும் என்பதை அந்த எண் காட்டிக் கொடுக்கவில்லை. இன்னும் வேடிக்கை, மருந்தைப் போட்ட பிறகு ரத்தத்தில் மொத்த வி.இ.ஜி.எஃப். அளவு ஏறும். எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொண்டது சீக்கிரம் வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அப்படி. மருந்து வேலை செய்யும்போது எண் ஏறுகிறது!

இனி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல எண்ணைச் சொல்கிறேன். இரண்டாம் பக்கத்தில் சி.இ.ஏ. 2.1. 1965-இல் மான்ட்ரியாலில் கோல்ட், ஃப்ரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் கட்டியில் கண்டுபிடித்த புரதம் இது. பழைய சரக்கு, குறையும் உண்டு. புகைபிடித்தால் ஏறும், சில கட்டிகள் இதைச் சுரக்கவே சுரக்காது. ஆனால் நீங்கள் அனுப்பிய பழைய காகிதங்களில் ஆபரேஷனுக்கு முன் 18.4, ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் 2.3 என்று இருக்கிறது. அம்மாவின் கட்டி சி.இ.ஏ.-வைச் சுரந்த கட்டி, எடுத்ததும் இறங்கியது, பத்து மாதம் கழித்தும் இறங்கியே இருக்கிறது. வாய் திறந்து பேசுகிற எண் என்று நான் சொல்வது இதைத்தான். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து ஆண்டுவரை எடுங்கள். ஒரே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் கருவி மாறினால் எண்ணும் சற்று மாறும். அது ஏறினால் என்ன செய்வது என்பதும் தெரியும். ஸ்கேன் எடுத்து, ஈரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்திருந்தால் வெட்டி எடுத்தே குணப்படுத்த முடிகிறவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிவதில் லாபம் உண்டு.

எல்லாப் புற்றிலும் இந்த லாபம் கிடைப்பதில்லை. சூல்பைப் புற்றில் சி.ஏ. 125 என்ற எண் ஏறியதுமே மறுபடி கீமோ தொடங்கியவர்களும், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் வாழ்ந்தார்கள் என்று 2010-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சீக்கிரம் தெரிந்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது கீமோவின் அவதி. எண்ணை எடுப்பதற்கு முன், ஏறினால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள் என நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். உங்கள் டாக்டர் பேப்பரைத் தள்ளியது வி.இ.ஜி.எஃப். விஷயத்தில் சரி. முதல் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். மூன்றாம் பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தீர்களோ என்னவோ.

முதல் பக்கம். ஹீமோகுளோபின் 8.9. அதற்குக் கீழே எம்.சி.வி. 68. சிவப்பணுவின் பருமன் அது, 80-க்குமேல் இருக்க வேண்டும். அணு சிறுத்து வெளிறியிருக்கிறது என்றால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவுதான். வலப்பக்கக் குடலோடு சிறுகுடலின் கடைசித் துண்டையும் எடுப்பதால் பி12 குறைந்தும் சோகை வரலாம், ஆனால் அதில் அணு பெருக்கும், சிறுக்காது. கீமோவினால் வந்த சோகை என்றால் நான்கு மாதத்தில் தேறத் தொடங்கியிருக்க வேண்டும். இரும்பு குறைந்தால் தட்டணு கூடும். அந்த 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தட்டணு கூடினால் சீரத்தில் வி.இ.ஜி.எஃப். கூடும். போதாததற்கு, மூச்சுக்காற்றுக் குறைவை உணரும் அந்த நோபல் பரிசுக் கருவி ஒழுங்காக ஓடவே இரும்பு தேவை. அது இல்லாவிட்டால் காற்று குறைந்துவிட்டதென்று ஏமாந்து வி.இ.ஜி.எஃப்.-ஐ இன்னும் சுரக்கச் சொல்லும். 612-க்குப் பின்னால் ஆள் யார் என்று கேட்டால், என் கை புற்றைவிட முதலில் இரும்புச்சத்தைத்தான் காட்டும்.

அதற்காக இரும்பு மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. மாதவிலக்கு நின்ற 54 வயதுப் பெண்ணுக்கு இரும்பு எங்கே போகிறது? காலமெல்லாம் வெறுங்காலோடு சேற்றில் நின்றவர். கொக்கிப்புழு குடலில் ஒட்டி ரத்தம் குடிப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. சாப்பாடு குறைந்ததாலும் இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்று வந்தவருக்கு, குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்துத் தெளிந்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும். குடலை இணைத்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா, மீதிக் குடலில் புதிய பாலிப், அதாவது சதைமொட்டு, முளைத்திருக்கிறதா என்று. ஆபரேஷனாகி ஒரு வருடத்தில் கொலனாஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, எப்படியும் செய்ய வேண்டும், வருகிற ஐப்பசியில் கணக்கு வருகிறது. ஐப்பசிவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டாக்டரிடம் போகும்போது இப்படிக் கேளுங்கள்: "ஹீமோகுளோபின் 8.9, எம்.சி.வி. 68 என்று இருக்கிறது. இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கலாமா? கொலனாஸ்கோப்பியை முன்னதாகவே செய்துவிடலாமா? வருடாந்திர சி.டி. ஸ்கேன் எப்போது?" இந்த மூன்று கேள்விக்கு எந்த டாக்டரும் பேப்பரைத் தள்ள மாட்டார். இரும்பு மாத்திரை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கொலனாஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்த வேண்டும். மலம் கருத்து ஒட்டிக்கொண்டு கேமராவில் ஒன்றும் தெரியாது. அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தைய நாள் பீட்ரூட், சிவப்புச் சாயம் போட்ட பானம், வெற்றிலை பாக்கு எதுவும் வேண்டாம். பேதி மருந்தைப் பாதி குடித்துவிட்டு 'போதும்' என்று வைத்துவிடக் கூடாது, நிறைய பேர் அப்படிச் செய்துவிட்டு இரண்டாம் முறை வருகிறார்கள்.

பெட் ஸ்கேன் இப்போது தேவையில்லை. சி.இ.ஏ. ஏறி, சி.டி.யில் ஒன்றும் பிடிபடாமல் இருந்தால் யோசிக்க வேண்டிய பரிசோதனை அது. காரணமில்லாமல் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் இடம், சாதாரண வீக்கம் எல்லாம் விளக்குப் போட்ட மாதிரி ஒளிரும். அப்புறம் அதற்கு, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் ஒரு பயாப்சி, அதற்கு ஒரு மாதத் தூக்கம். நான் சொன்ன பரிசோதனைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதாரோடு வருமானச் சான்று வாங்கி விண்ணப்பித்துவிடுங்கள், பின்னால் எதற்கும் உதவும்.

இன்னொரு சின்ன வேலை. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்போம். அதன் எண் பயாப்சி ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும். அதைத் தனியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடவுள் புண்ணியத்தில் தேவைப்படாமல் போகட்டும். தேவைப்பட்டால், எந்த மருந்து கேட்கும் என்று அந்த மெழுகுத் துண்டில் மரபணுவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அங்கே கிடைக்கிற விவரம் ரத்தத்தில் வளர்ச்சிக் காரணியை நூறு தடவை அளந்தாலும் கிடைக்காது. மகனிடம் இனி பணம் அனுப்புவதென்றால் கொலனாஸ்கோப்பிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறு எதைச் செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் கட்டிய பணத்தில்தான் ஹீமோகுளோபினும் தெரிந்தது.

நடவு பற்றிக் கேட்டீர்கள். 8.9-ஐ வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும், படபடப்பு வரும். பதினொன்றைத் தாண்டும்வரை சேற்றில் இறங்க வேண்டாம். அதுவரை நாற்றுக் கட்டை எண்ணிக்கொண்டு வரப்பில் உட்காரலாம், ஆட்களுக்குக் கஞ்சி எடுத்து வரலாம், செருப்புப் போட்டுக்கொண்டு. உங்களிடம் ஆள் பஞ்சம் என்றால் இந்த சம்பாவுக்கு அந்த வயலில் மட்டும் நேரடி விதைப்பாகப் போட்டுவிடுங்களேன். கொலனாஸ்கோப்பி ரிப்போர்ட்டும் ஃபெரிட்டினும் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள்.